நம் மலைக்கு எந்த டென்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். நாரங்கல, மடுல்சீமை, நக்கிள்ஸ், ஹோர்ட்டன் சமவெளி என்று முதுகில் டென்டைச் சுமந்துகொண்டு திரிய ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. "அண்ணே, டென்ட் ஒன்று வாங்கப் போகிறேன், எதை வாங்குவது?" என்று யாராவது கேட்டபடியே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே ஒன்றாகத் தருகிறேன்.

மலையகத்துக்கு என்று தனியாக டென்ட் பார்க்க வேண்டுமா? எல்லா டென்டும் ஒன்றுதானே?

ஒன்று இல்லை. கடற்கரையில் ஓர் இரவு தங்க வாங்கிய டென்ட் நம் மலையில் விடியும் வரை நிற்காது. நாம் மழையைப் பற்றித்தான் பயப்படுகிறோம். ஆனால் இங்கே டென்டுக்கு உண்மையான எதிரி ஈரம். மேலிருந்து விழும் மழை அதில் ஒரு பங்குதான். காற்றோடு பக்கவாட்டில் வந்து நுழையும் பனிமூட்டம், நம் மூச்சிலிருந்து வரும் நீராவி, புல்லிலிருந்து ஏறும் ஈரம், வீட்டுக்கு வந்த பிறகு பைக்குள் கிடந்து புழுங்கும் ஈரம் என்று மற்றப் பங்குகள் நிறைய. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, மலையகம் முழுவதற்கும் ஒரே காலநிலை கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் அப்போது ஊறிக் கிடக்கும். அதே நாட்களில் பதுளை, வெலிமடைப் பக்கம் வானம் வெளித்திருக்கும், ஆனால் காற்று ஆளைத் தள்ளும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கமும் நக்கிள்ஸின் கிழக்குச் சரிவும் நனையும். இடையில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை. ஆகவே "மழை இல்லாத மாதத்தில் மட்டும் போவேன், சாதாரண டென்ட் போதும்" என்று கணக்குப் போடாதீர்கள். மழை இல்லாத பக்கத்தில் காற்று இருக்கும்.

கடைக்குப் போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

மேல்சீலையைப் பாருங்கள். நல்ல டென்டுக்கு இரண்டு அடுக்கு உண்டு. உள்ளே வலையும் மெல்லிய துணியுமாக ஓர் உள்கூடு. அதற்கு மேல் தண்ணீர் புகாத மேல்சீலை. மலிவான டென்டுகள் பலவற்றில் இந்த மேல்சீலை உச்சியில் கவிழ்த்த ஒரு தொப்பி மாதிரிச் சின்னதாக இருக்கும். பக்கச் சுவர் எல்லாம் வெளியில் தெரியும். நேராக விழும் மழையை அந்தத் தொப்பி தாங்கும். ஹப்புத்தளைக் கணவாயில் கீழிருந்து மேலே ஏறிவரும் பனிமூட்டத்துக்கு அது ஒன்றும் செய்யாது. வலை வழியாக உள்ளே வந்து படுக்கையை நனைத்துவிட்டுப் போகும்.

மேல்சீலை நான்கு பக்கமும் நிலத்துக்கு ஒரு சாண் உயரம் வரைக்குமாவது இறங்க வேண்டும். அது இல்லாவிட்டால், மற்றது எதுவும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் தரை. தரைத்துணி தொட்டி மாதிரி விளிம்பு உயர்ந்து, நாலைந்து அங்குலமாவது சுவரில் ஏறியிருக்க வேண்டும். தையல் நிலத்தோடு நிலமாக ஓடினால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். தையல்களை உட்பக்கமிருந்து பாருங்கள். மெல்லிய ஒளி ஊடுருவும் பட்டி ஒன்று ஒட்டியிருக்கும். விரலால் தடவும்போது எங்காவது எழும்பி நின்றால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பெட்டியில் 3,000 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. அது என்ன?

துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகிறார்கள். எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற பிறகு துணியைத் தாண்டித் துளி வருகிறதோ அதுதான் அந்த அளவு. 3,000 மி.மீ. என்றால் 3 மீற்றர் உயரத் தண்ணீரை அந்தத் துணி தாங்கியது என்று அர்த்தம்.

மேல்சீலைக்கு 1,500 இருந்தாலே சாதாரண மழை உள்ளே வராது. நம் பக்கத்துக்கு 2,000இலிருந்து 3,000 வரை பார்த்து வாங்குங்கள். புதிதாக இருக்கும்போது உள்ள அளவு அது. வெயிலிலும் மடிப்பிலும் உரசலிலும் குறைந்துகொண்டு போகும். தரைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். நாம் முழங்காலை ஊன்றும்போது ஈர நிலத்தை அந்தச் சின்ன இடத்தில் முழுப் பாரத்தோடு அழுத்துகிறோம். தரை 3,000க்குக் குறையக் கூடாது. 4,000, 5,000 என்றால் நல்லது. 10,000 தேவையே இல்லை. எண்ணைக் கூட்டக் கூட்டப் பூச்சும் தடிக்கும், பாரமும் ஏறும்.

20டி, 70டி, 190டீ என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே?

முதலாவது டி, டெனியர். 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறுக்கிறதோ அத்தனை டெனியர். 20 டெனியர் நூல் ஒன்பது கிலோமீற்றர் எடுத்தால் வெறும் 20 கிராம்தான். அவ்வளவு மெல்லிசு. எண் கூடினால் நூல் தடிப்பு, துணி பாரம்.

மற்ற டீ, ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கும் குறுக்குமாக எத்தனை இழை ஓடுகிறது என்பது. அது நெருக்கத்தைச் சொல்லும், பலத்தைச் சொல்லாது. "190டீ, நல்ல ஸ்ட்ரோங்" என்று கடைக்காரர் சொன்னால் டெனியர் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

என் கணக்கு இது: மேல்சீலை 20 டெனியர் இருக்கலாம், அதில் ரிப்ஸ்டொப் நெசவு இருக்க வேண்டும். துணியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டம் தெரியும். இடையிடையே தடித்த நூல் ஓடுவதால் வரும் கட்டம் அது. ஓரிடத்தில் கிழிந்தாலும் அடுத்த கட்டத்தோடு நின்றுவிடும். தரைக்கு 30இலிருந்து 70 வரை. நம் மானாப்புல் தாள் வெட்டுப்பட்ட இடத்தில் ஈர்க்குப் போல நிற்கும். 20 டெனியர்த் தரையை அதன் மேல் நேரே விரிப்பதற்கு எனக்கு மனம் வராது.

நைலோனா, பொலியெஸ்டரா?

ஒரே எடைக்கு நைலோன்தான் கிழியாமல் நிற்கும். ஆனால் ஈரம் பட்டால் அது கொஞ்சம் நீளும். மாலையில் இறுக்கிக் கட்டிய மேல்சீலை நள்ளிரவில் தொய்ந்து உள்கூட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பொலியெஸ்டர் அப்படித் தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். மேலே போகப் போக வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் கடுமை என்பதால் அதுவும் கணக்கில் வர வேண்டும்.

பனிமூட்டம் இறங்கும் நம் இடங்களுக்கு நான் பொலியெஸ்டரின் பக்கம். நைலோன் டென்ட் கையில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். படுக்கப் போகும் முன் ஒரு தடவை வெளியே வந்து கயிறுகளை இழுத்து இறுக்கிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான்.

கம்பி எது நல்லது? ஃபைபர்கிளாஸ் மலிவாக இருக்கிறதே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

என் முதல் டென்ட் ஃபைபர்கிளாஸ் கம்பி போட்டது. நாரங்கலவுக்குக் கொண்டு போனோம். போனவர்களுக்குத் தெரியும், உச்சியில் மரம் என்று எதுவும் இல்லை, வெறும் புல். நான்கு பக்கமும் திறந்த வெளி. ஓகஸ்ட் மாதம். பொழுது சாயும் வரை நல்ல காற்று, நல்ல வெயில். இரவு ஒரு மணி தாண்டியதும் காற்று ஒரு பக்கமிருந்து அறைய ஆரம்பித்தது. டென்ட் முகத்தின் மேல் வந்து படுவதும் எழும்புவதுமாக இருந்தது. பிறகு காய்ந்த மூங்கிலை முறித்த மாதிரி ஒரு சத்தம். டோர்ச் அடித்துப் பார்த்தால், கம்பி நெடுக்காகப் பிளந்து, ஈர்க்குக் கட்டு மாதிரி விரிந்து, மேல்சீலையைக் குத்திக்கொண்டு வெளியே நிற்கிறது. கையால் பிடித்தேன். உள்ளங்கை முழுக்கக் கண்ணாடி நார் ஏறிவிட்டது. விடியும் வரை நண்பனும் நானும் மாறி மாறித் துணியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நாரை அம்மா ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

அலுமினியம் வாங்குங்கள். 7001 அல்லது 7075 என்று எண் போட்டிருப்பது நல்ல கலவை. அலுமினியமும் உடையும், ஆனால் முதலில் வளையும், நமக்கு அவகாசம் தரும். வளைந்த இடத்தில் ஒரு விரல் நீளக் குழாயைச் சொருகி டேப் சுற்றினால் அந்த இரவு கழியும். அந்தச் சின்னக் குழாய் நல்ல டென்டுகளோடு பெட்டிக்குள்ளேயே வரும். தேவையில்லாத சாமான் என்று நினைத்து வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கம்பி எத்தனை இடத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிறது என்றும் பாருங்கள். உச்சியில் ஒரே இடத்தில் வெட்டும் டென்டை விட இரண்டு மூன்று இடத்தில் வெட்டுவது காற்றுக்கு நிற்கும். உயரம் குறைந்ததும் நிற்கும். உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய டென்ட் பதுளைப் பக்கத்து ஊவாக் காற்றுக்கு ஆகாது.

எவ்வளவு பாரம் வரைக்கும் போகலாம்?

இரண்டு பேர் டென்ட் 2 கிலோவுக்கு உள்ளே கிடைத்தால் மிக நல்லது. இரண்டரை வரைக்கும் பரவாயில்லை. இரண்டு பேர் பிரித்துத் தூக்கும்போது ஒருவர் கம்பியும் முளையும், மற்றவர் துணி என்று ஆளுக்கு ஒரு கிலோ சொச்சம்தான் வரும். மூன்று கிலோவுக்கு மேல் என்றால் அது வாகனத்தில் கொண்டுபோய் இறக்குகிற டென்ட்.

ஒரு கிலோவுக்கும் கீழே, டைனீமாத் துணியில் செய்தவையும் உண்டு. தண்ணீரை உறிஞ்சாது, தொய்யாது, அருமையான துணி. ஆனால் அந்த விலைக்கு நல்ல டென்ட், நல்ல படுக்கைப் பை, நல்ல சப்பாத்து மூன்றையும் வாங்கிவிடலாம்.

பெட்டியில் இரண்டு எடை போட்டிருக்கும். ஒன்று துணியும் கம்பியும் மட்டும். மற்றது முளை, கயிறு, பை எல்லாம் சேர்த்து. நீங்கள் தூக்கப்போவது இரண்டாவதை. முடிந்தால் தராசில் வைத்தே பாருங்கள்.

இரண்டு பேர் டென்ட் என்றால் உண்மையில் இரண்டு பேர் படுக்கலாமா?

படுக்கலாம், பையை வைக்க இடமிருக்காது. 130 சென்ரிமீற்றர் அகலத்தில் 60 சென்ரிமீற்றர்ப் பாய் இரண்டு போட்டால் முடிந்தது. ஈரமான பை, சேறு பிடித்த சப்பாத்து எல்லாம் எங்கே போகும்? கதவுக்கு வெளியே மேல்சீலைக்குக் கீழே சின்ன இடம் ஒன்று இருக்க வேண்டும். நான் அதை இஸ்தோப்பு என்றுதான் சொல்வேன். லயத்துக் காம்பராவுக்கு இஸ்தோப்பு எவ்வளவு அவசியமோ டென்டுக்கும் அவ்வளவு அவசியம். நனைந்த கம்பளியோடும் படங்கோடும் நம் அம்மாமார் நேரே காம்பராவுக்குள் வந்ததில்லை. இஸ்தோப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். டென்டிலும் அதே பழக்கம்தான்.

தனியாகப் போகிறவருக்கும் நான் இரண்டு பேர் டென்டைத்தான் சொல்வேன். மழை பிடித்துக்கொண்டால் ஒரு பகல் முழுக்க உள்ளேயே கிடக்க வேண்டி வரும்.

மழையே பெய்யவில்லை. காலையில் எழும்பினால் டென்ட் உள்ளே எல்லாம் ஈரம். ஒழுகுகிறதா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் ஒழுகல் இல்லை. மூச்சிலிருந்தும் உடம்பிலிருந்தும் வரும் நீராவி, குளிர்ந்த மேல்சீலையில் பட்டுத் துளியாகிறது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய குவளைக்கு வெளியே வியர்ப்பது போல. இரண்டு பேர் ஓர் இரவு படுத்தால் ஒரு பெரிய குவளைக்கு மேலேயே தண்ணீர் காற்றில் கலக்கும். வெளியிலும் பனிமூட்டம் நிறைந்திருந்தால் அது போக இடமில்லை.

ஒழுகலா, வியர்வையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி. துளிகள் மேல்சீலையின் உட்பக்கம் முழுக்கப் பரவலாக, பொடிப்பொடியாக இருந்தால் அது நீராவி. தையல் ஓரத்திலோ ஒரு மூலையிலோ மட்டும் கோடாக இறங்கியிருந்தால் ஒழுகல்.

முழுவதுமாக நிறுத்த முடியாது, குறைக்கலாம். மேல்சீலையின் உச்சியில் உள்ள காற்று ஜன்னலைத் திறந்தே வையுங்கள். குளிர் என்று எல்லாவற்றையும் மூடினால்தான் கூடுதலாக நனையும். ஓடைக்குப் பக்கத்திலும் பள்ளத்தின் அடியிலும் டென்ட் அடிக்காதீர்கள். இரவில் குளிர்ந்த காற்றும் ஈரமும் அங்கேதான் வந்து தங்கும். பத்தடி மேட்டில் ஏறினாலே வித்தியாசம் தெரியும். மரத்தடி கிடைத்தால் வெட்ட வெளியை விடக் காய்ந்திருக்கும், ஆனால் காய்ந்த கிளை தலைக்கு மேலே இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்த உடுப்பை உள்ளே காயப் போடாதீர்கள். காலையில் ஒரு சின்னத் துவாயால் மேல்சீலையின் உட்பக்கத்தைத் துடைத்துவிட்டு மடியுங்கள்.

இந்தக் காரணத்தால்தான் உள்கூடு இல்லாத ஒற்றைச் சுவர் டென்டை நான் இங்கே பரிந்துரைப்பதில்லை. பாரம் குறைவுதான். ஆனால் அந்தத் துளிகளுக்கும் உங்கள் படுக்கைப் பைக்கும் நடுவில் எதுவும் கிடையாது.

நடைக்கம்பை ஊன்றி நிறுத்தும் டென்டுகள் எப்படி?

பாரம் நன்றாகக் குறையும். ஆனால் முளை இறுகாத இடத்தில் அது நிற்காது. மலை உச்சிகளில் மண் நாலு விரல் ஆழம், அதற்குக் கீழே கல். அங்கே தன் காலில் தானே நிற்கும் டென்ட்தான் வசதி. தூக்கி நகர்த்தவும் முடியும். முதல் டென்ட் என்றால் தானே நிற்பதை வாங்குங்கள்.

நுவரெலியாக் குளிருக்கு நான்கு பருவ டென்ட் வேண்டுமா?

வேண்டாம். அது பனிக்கட்டி கொட்டும் நாடுகளுக்கு. பாரம் கூட, காற்றோட்டம் குறைவு; இங்கே உள்ளே மழை பெய்கிற மாதிரி வியர்க்கும். மூன்று பருவ டென்ட் போதும்.

குளிரைத் தடுப்பது டென்ட் இல்லை, படுக்கைப் பையும் கீழே போடும் பாயும்தான். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா 1,868 மீற்றர், ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றர் அளவில். ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளித்த இரவுகளில் அங்கே உறைபனி விழும், கொழுந்து கருகும். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலத்தின் குளிர் முதுகு வழியாகத்தான் ஏறும். டென்டில் மிச்சம் பிடிக்கிற காசைப் பாயில் போடுங்கள்.

அட்டைக்கு என்ன செய்வது?

தரையும் வலையும் ஒன்றாகத் தைத்த உள்கூடு இருந்தால், ஜிப் மூடியிருக்கும் வரை அட்டை உள்ளே வராது. வருவது நம் காலோடும் பையோடும்தான். இஸ்தோப்பில் உட்கார்ந்து காலைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தரையில்லாத வெறும் கூரைச் சீலையை நக்கிள்ஸ் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். உப்பை டென்ட் துணியில் தூவாதீர்கள். சவர்க்காரத்தைக் காலில் பூசினாலே போதும்.

காற்றுக்கு டென்டை எப்படிக் கட்டுவது?

ஒடுங்கிய பக்கத்தைக் காற்று வரும் திசைக்குக் கொடுங்கள். மாலைக் காற்றை மட்டும் நம்பாமல், புல் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அது வருடம் முழுக்க வீசிய காற்றின் அடையாளம்.

இழுகயிறுகளை எல்லாம் கட்டுங்கள். நம்மவர்கள் பாதிப்பேர் அவற்றைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. மேல்சீலையின் நடுவில் ஒரு வளையம் இருக்கிறது என்றால் அங்கே கயிறு கட்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள். முளையை டென்டுக்கு எதிர்ப்புறம் தலை சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். டென்டோடு வரும் மெல்லிய கம்பி முளை நம் ஊறிய பத்தனைப் புல்வெளி மண்ணில் வெண்ணெயில் குத்தியது போல வந்துவிடும். மூன்று பட்டை உள்ள அலுமினிய முளை எட்டு தனியாக வாங்குங்கள். முளை இறங்காத பாறையில் கயிற்றைக் கல்லில் சுற்றி அதன் மேல் பெரிய கல்லை வையுங்கள்.

எங்கே வேண்டுமானாலும் டென்ட் அடிக்கலாமா?

இல்லை. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிந்து, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் தங்கலாம். நக்கிள்ஸ் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழே வருகிறது. இந்த இரண்டும் சிவனொளிபாதமலைக் காடும் சேர்ந்துதான் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. தோட்டத்துக் காணி என்றால் தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். லயத்துக்குப் பக்கத்தில் தங்குவதென்றால் அங்கே குடியிருப்பவர்களிடமும் கேளுங்கள். அது அவர்கள் வாசல்.

தேயிலை மலையில் கானுக்குள்ளோ கானுக்குப் பக்கத்திலோ அடிக்கவே வேண்டாம். கான் வெட்டியிருப்பது தண்ணீர் ஓடத்தான்; மேலே பெய்த மழை பத்து நிமிடத்தில் அங்கே இருக்கும்.

மண்சரிவை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலைகளில்தான் நாம் நடக்கிறோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. போகும் இடத்துக்கு மஞ்சள் இருந்தாலே நான் பயணத்தைத் தள்ளிவைப்பேன். சரிவில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரென்று கலங்கி வரும் ஊற்று இவற்றைக் கண்டால் டென்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்படியே விட்டுவிட்டு ஆட்கள் வெளியேறுங்கள்.

மழை நேரத்தில் டென்டுக்குள்ளே அடுப்பு மூட்டலாமா?

கூடாது. துணி தீப்பிடித்தால் சில நொடிகளில் உருகி உடம்பில் ஒட்டும். தீப்பிடிக்காவிட்டாலும் அடுப்பிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள்.

நாங்கள் நான்கு பெண்கள் போகிறோம். வீட்டில் பயப்படுகிறார்கள். டென்டில் ஏதும் தனியாகக் கவனிக்க வேண்டுமா, அண்ணா?

இருக்கிறது, தங்கச்சி. இரண்டு பக்கமும் கதவுள்ள டென்டை எடுங்கள். ஒருவரை ஒருவர் தாண்டாமல் வெளியே போகலாம். உள்கூடு முழுக்க வலையாக இல்லாமல் பாதிக்கு மேல் துணியாக இருப்பது உடுப்பு மாற்ற வசதி. வெளிச்சத்தில் நிழலும் தெரியாது. நால்வருக்கு ஒரே பெரிய டென்டை விட இரண்டு சிறிய டென்ட், கதவுக்குக் கதவு எதிரெதிராக அடித்தால் நடுவில் ஒரு முற்றம் கிடைக்கும். முதல் தடவைக்குக் காசு கொடுத்துத் தங்கும் முகாம் இடத்தையோ தெரிந்தவர் வீட்டு முற்றத்தையோ பாருங்கள். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று வீட்டிலும் பக்கத்து ஊரில் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். அம்மாவிடம் இந்த விவரம் எல்லாவற்றையும் முதலிலேயே சொன்னால் பாதிப் பயம் போகும்.

புது டென்ட் வாங்க வசதியில்லை. படங்கு போதாதா? பழைய டென்ட் வாங்கலாமா?

படங்கு காய்ந்த காலத்துக்கு, தாழ்ந்த இடத்துக்குச் சரி. ஆனால் நல்ல தடிப்பான படங்கு டென்டை விடப் பாரம், தரையும் இல்லை.

பழையது வாங்கலாம். விரித்துக் காட்டச் சொல்லுங்கள், பைக்குள் இருப்பதை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். மேல்சீலையின் உட்பக்கத்தை மோந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால், தொட்டால் கையில் பசை மாதிரி ஒட்டினால், வேண்டாம். பூச்சு அழிந்துவிட்டது, அதைச் சரிசெய்ய முடியாது. தையல் பட்டி மட்டும் உரிந்திருந்தால் பயமில்லை, அதற்குப் பசை இருக்கிறது. ஜிப் சரியாகப் பிடிக்காவிட்டால், இழுத்து மூடும் அதன் ஓடியைக் குறட்டால் மெதுவாக அழுத்தினால் பல தடவை சரியாகும்.

அதற்கு முன், ஒரு தடவை வாடகைக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள்.

டென்ட் எத்தனை வருடம் வரும்?

அது மலையில் இருக்கும் நாட்களை விட வீட்டில் இருக்கும் நாட்களைப் பொறுத்தது.

பெரும்பாலான டென்டுகளில் தண்ணீர் புகாமல் இருக்கப் பொலியூரிதேன் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு மெல்ல மெல்லச் சிதையும். நம் வீடுகளில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அலுமாரியில் வைத்த சப்பாத்துக்கே பூஞ்சணம் பிடிக்கிற ஊர். நாரங்கலவுக்குப் பிறகு காசு சேர்த்து வாங்கிய இரண்டாவது டென்டை, ஒரு விடியற்காலையில் ஈரத்தோடு சுருட்டி எடுத்து வந்து, நாளைக்குக் காய வைக்கலாம் என்று கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். வேலை, கலியாண வீடு, மழை என்று மூன்று மாதம் போய்விட்டது. எடுத்து விரித்தபோது துணி தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு, இழுக்க இழுக்க 'பிய்' என்று சத்தத்தோடு பிரிந்தது. பூச்சு வெள்ளைச் செதிலாக மடியில் கொட்டியது. ஆறு தடவைகூடப் பாவிக்காத டென்ட் அது.

இருபக்கமும் சிலிக்கோன் பூசிய துணிக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அதில் தையல் பட்டி ஒட்டாது, ஆகவே வாங்கியதும் தையல்களில் சிலிக்கோன் பசையை நாமே மெல்லிசாகத் தடவ வேண்டும். ஒரு பின்னேர வேலை. நீண்ட காலம் வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு அந்த வேலை பிரயோசனமானது.

எந்த டென்டாக இருந்தாலும், வந்த அன்றே விரித்துப் போடுங்கள். வெளியே மழை என்றால் இஸ்தோப்பில் கொடி கட்டிப் போடுங்கள், அதுவும் முடியாவிட்டால் காம்பராவுக்குள் கதவிலும் கதிரையிலும் விரித்துவிடுங்கள். நேர் வெயிலில் நாள் முழுக்கப் போட வேண்டாம், அடுப்பங்கரைப் பரணிலும் வேண்டாம். பட்டியும் மூலைகளும் கடைசியாகத்தான் காயும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஈரமிருந்தால் குளிரும். சேறு இருந்தால் பச்சைத் தண்ணீரும் பஞ்சும் போதும். உடுப்புத் தூள் போடாதீர்கள், மெஷினில் போடவே வேண்டாம். காய்ந்த பிறகு அதன் சின்னப் பைக்குள் திணிக்காமல், பழைய தலையணை உறை ஒன்றில் தளர்வாகப் போட்டு, நிலத்தில் படாமல் உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பாருங்கள்.

என் இப்போதைய டென்ட் அப்படித்தான் தொங்குகிறது, அம்மாவின் பழைய பூப்போட்ட உறைக்குள்.